மாமனார் உட்கார்ந்து வந்த ரயில்

என் மாமனார் நெவில் முழுதாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நாற்காலி நுனியில் கொஞ்சம் ஒட்டிக்கொள்வார், அவ்வளவுதான். சாப்பாடு அடுப்படியில் நின்றபடி, தேநீர் ஜன்னலோரம் நின்றபடி. எங்கள் கல்யாண விருந்தில் பெண்ணின் தகப்பன் எழுந்து நாலு வார்த்தை பேசவேண்டிய நேரத்தில் ஆளைக் காணோம். போய்ப் பார்த்தால் மண்டபத்து வாசலில் நிற்கிறார். பரிமாறும் பெண்கள் எந்தக் கதவு வழியாக உள்ளே வரவேண்டும், எந்தக் கதவு வழியாக வெளியே போகவேண்டும் என்று கையைக் காட்டி ஒழுங்கு பண்ணிக்கொண்டிருந்தார். சூப்புத் தட்டோடு யாரும் யார்மேலும் மோதிவிடக் கூடாதாம். மோதவில்லைதான். ஆனால் பேச்சும் நடக்கவில்லை.

பிழைப்புக்குத் தபால்காரர். விடியுமுன் எழுந்து, யார்க்‌ஷயர் மேட்டிலும் பள்ளத்திலும் பண்ணை பண்ணையாக ஏறி இறங்கி, மதியத்துக்குள் கடிதமெல்லாம் கொடுத்து முடித்துவிடுவார். முடித்தவர் வீட்டுக்குப் போய்க் காலை நீட்டுவாரா என்றால் இல்லை. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரி ரயிலுக்கு ஓடுவார். அவருடைய உயிர் அங்கேதான் இருந்தது.

அரசாங்கம் இழுத்து மூடிவிட்டுப் போன தடம் அது. ஊர்க்காரர்கள் சேர்ந்து முள்ளை வெட்டி, தண்டவாளத்தை மறுபடி போட்டு, பழைய நீராவி எஞ்சின்களைத் துடைத்து எண்ணெய் விட்டு, சம்பளமில்லாமல் ஓட்டுகிறார்கள். ஸ்டென்பியில் புறப்பட்டு, நடுவில் ஹாக்தோர்ப்பில் நின்று, மலையடிவாரத்துக் கெல்ட்பெக்கில் முடியும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் குழந்தை குட்டிகளோடு கூட்டம் அள்ளும். முள் வெட்டிய நாளிலேயே போய்ச் சேர்ந்தவர் நெவில். ஹாக்தோர்ப் சிக்னல் கேபின் அன்று முதல் அவருடையது.

அந்தக் கேபினைப் பற்றி ஒரு விஷயம் சொன்னால்தான் நடந்தது புரியும். தடம் ஒற்றைத் தடம். எதிரும் புதிருமாக இரண்டு வண்டி வந்தால் கதை முடிந்தது. அதனால் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரே ஒரு கோல் உண்டு. முழங்கை நீளத்துக்கு மரம், முனையில் பித்தளைப் பட்டை, அதில் பகுதியின் பெயர். ஸ்டென்பிக்கும் ஹாக்தோர்ப்புக்கும் ஒன்று, ஹாக்தோர்ப்புக்கும் கெல்ட்பெக்குக்கும் ஒன்று. கோல் கையில் இருந்தால்தான் ஓட்டுநர் அந்தப் பகுதிக்குள் போகலாம். தடம் காலியாகக் கிடப்பது ஊருக்கே தெரிந்தாலும், கோல் இல்லையென்றால் சக்கரம் ஒரு சுற்றுகூடச் சுற்றக்கூடாது. ஹாக்தோர்ப்பில்தான் வண்டிகள் ஒன்றையொன்று கடக்கும். வந்தவன் கோலைக் கொடுத்து மற்றதை வாங்குவான். மூன்றாவது விளக்குக் கம்பத்தடியில் நெவில் கையை நீட்டிக்கொண்டு நிற்பார். எஞ்சினிலிருந்து கரியள்ளும் ஆள் முகத்தைக்கூடப் பார்க்காமல் அந்தக் கையில் கோலை வைத்துவிடுவான். ஆண்டாண்டாக அப்படித்தான்.

என் மனைவி ஹெதர் பிறந்ததும் இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்பத்திரியிலிருந்து கேபினுக்குத் தொலைபேசி போட்டு, பெண் குழந்தை என்று சொல்லியிருக்கிறார்கள். "ரொம்ப சந்தோஷம். வண்டி ஒண்ணு தடத்துல இருக்கு, அது வந்து சேர்ந்ததும் வர்றேன்" என்றாராம். ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் யாராவது இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். மாமியார் தெல்மாவும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் அந்தக் கதை முடிகிற இடத்தில்தான் அவர் எழுந்து தட்டுகளை அடுக்க ஆரம்பிப்பார். அதை நான் பல வருஷமாகக் கவனித்து வந்திருக்கிறேன்.

இந்த வசந்தத்தில் முழங்கால் காலை வாரிவிட்டது. கேபின் படி ஏறக்கூடாது, லீவர் இழுக்கக்கூடாது என்று வைத்தியர் எழுதிக் கொடுத்துவிட்டார். ரயில்காரர்கள் கேக் வெட்டி, கைதட்டி, ஒரு பழைய விளக்கையும் கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனிதர் மறுபடி மூன்றாவது கம்பத்தடியில் நின்றார், சும்மா பார்க்கத்தான் வந்தேன் என்று. கேபினுக்குப் புதிதாக வந்தவன் ரஸ்ஸல். வாரநாட்களில் பல் வைத்தியன், நல்ல பையன்.

"பல்லு புடுங்குறவன் கையில லீவரைக் குடுத்திருக்காங்க மாப்ள. வண்டி 'ஆ'ன்னு வாயத் தொறந்து காட்டுனாத்தான் சிக்னல் விழும்போல" என்பார் என்னிடம்.

நாலைந்து வாரம் பொறுத்துவிட்டு ரஸ்ஸலே மெதுவாகச் சொன்னானாம், நெவில், கொஞ்சம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பாருங்களேன் என்று. அன்று வீட்டுக்கு வந்தவர் தோட்டத்துப் புல்லை இரண்டு தரம் வெட்டினார்.

நாங்கள் இருப்பது கடலோரத்தில், ஃபைலியில். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி மாடிப்படி இல்லாத சின்ன வீடு ஒன்று காலியாயிற்று. தெல்மா அத்தை வந்து பார்த்தார், அடுக்களை ஜன்னலில் நின்று கடலைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். வீட்டுக்காரம்மாள் திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றாள். நெவில், ம் என்றார். அதற்கு அர்த்தம் ஆமாவும் இல்லை, இல்லையும் இல்லை. அவரை அறிந்தவர்களுக்கு அது தெரியும்.

அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, அத்தைக்கு எழுபது பிறக்கவிருந்தது. என்ன வேண்டும் என்று ஹெதர் கேட்டதற்கு, எல்லாரையும் வைத்துக்கொண்டே புருஷனைப் பார்த்துச் சொன்னார்.

"எனக்குப் பரிசெல்லாம் வேணாம். உன் ரயில்ல போவோம். கெல்ட்பெக் வரைக்கும் போய்த் திரும்புவோம். நீ பயணியா வரணும், என் பக்கத்துல உக்காந்து. இத்தன வருஷத்துல அந்த ரயில்ல என் பக்கத்துல உக்காந்து ஒரு தரம் வந்திருக்கியா?"

"வந்திருப்பேன்."

"எப்ப?"

நெவில் யோசித்தார். பாவம், உண்மையாகவே யோசித்தார்.

"வந்ததே இல்ல" என்றார் அத்தை. "உன்னால ஒரு நாள் சும்மா உக்கார முடிஞ்சா ஃபைலியிலயும் முடியும். முடியலன்னா சொல்லிடு. நான் மட்டும் போறேன்."

யாரும் சிரிக்கவில்லை. அத்தை சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை. பீங்கான் கோப்பைகளை ஏற்கெனவே பழைய செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் வைத்திருந்தார். தன்னுடையதை மட்டும்.

ஞாயிறு காலை ஸ்டென்பியில் நச நசவென்று தூறல். பழைய காலத்துப் பெட்டி, உள்ளே அறை அறையாக, எதிரெதிர் மெத்தை. நாங்கள் ஐந்து பேர் ஓர் அறையைப் பிடித்தோம். ஜன்னலோரம் அத்தை, பக்கத்தில் நெவில். எதிரே ஹெதர், நான், எங்கள் மகள் எல்சி. அத்தை மடியில் கூடை: முட்டை சாண்ட்விச், பன்றியிறைச்சிப் பணியாரம், பழக் கேக், அதோடு கடிக்கப் பாலாடைக்கட்டி. வண்டி நகருமுன்பே நெவில் எழுந்துவிட்டார்.

"எங்க?"

"கார்டு இன்னும் விசில் ஊதல. நேரமாச்சு."

"ஊதத் தெரிஞ்சவன்தான் கார்டா இருக்கான். உக்காரு."

உட்கார்ந்தார். வலது முழங்கால் துள்ள ஆரம்பித்தது. அது துள்ள மெத்தை துள்ள, அத்தை மடியில் கூடை துள்ளியது. வண்டி கிளம்பிற்று. புகை ஜன்னலை மூடியது.

"இந்தப் புகையப் பாரு மாப்ள. மிக்தான் இன்னிக்கு. கரிய அள்ளிக் கொட்டுறான், அடுப்புக்குள்ள என்ன பன்னிக்கா தீனி போடுறான்?"

"மாமா, ஆட்டுக்குட்டி பாருங்க, எல்சி காட்டுறா."

"ம், ஆடு. இங்க வேகத்தக் குறைக்கணும். கொறைக்கல பாத்தியா?" பாதி எழுந்தார்.

"நெவில்."

உட்கார்ந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எட்டிப் பார்த்தார். தலைக்கு மேலே சாமான் வைக்கும் வலைப் பலகையை ஆட்டிப் பார்த்து, திருகாணி தளர்ந்திருக்கிறது என்றார். அத்தை சாண்ட்விச் ஒன்றைக் கையில் கொடுத்தார், கையாவது சும்மா இருக்கட்டும் என்று. மனிதர் அதைக் கையில் வைத்துக்கொண்டே நசுக்கிவிட்டார். எனக்குமே உடம்பெல்லாம் அரிக்கத் தொடங்கியது. அவஸ்தை என்பது கொட்டாவி மாதிரி, எதிரே இருப்பவனையும் பிடித்துக்கொள்ளும். ஹெதர் அப்பாவின் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். உட்காருங்கப்பா, இன்னும் கொஞ்ச நேரம் உட்காருங்க என்று அவள் உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். எனக்கோ கோபமாக வந்தது. ஒரு மனிதன் பெண்டாட்டி பக்கத்தில் அரை மணி நேரம் உட்காருவதற்கு ஊரே சேர்ந்து வேண்டிக்கொள்ள வேண்டுமா?

ஹாக்தோர்ப் வந்தது. கெல்ட்பெக்கிலிருந்து வந்த வண்டி எதிர் நடைமேடையில் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது, எங்களைக் கடந்து ஸ்டென்பி போவதற்கு. எல்சி கால் மேல் கால் போட்டுக்கொண்டு நெளிந்தாள். இந்தப் பெட்டிகளில் கழிப்பறை கிடையாது.

நெவில் முகம் மலர்ந்ததே, அதைப் பார்க்க வேண்டும். "நான் கூட்டிட்டுப் போறேன்!"

அத்தை அவரை ஒரு பார்வை பார்த்தார். "கக்கூஸ் வரைக்கும். அதுக்கு மேல ஒரு அடி வச்சே, அப்புறம் நடக்குறதே வேற."

அடுத்து நடந்ததை நான் ஜன்னல் வழியாகப் பாதி பார்த்தேன். மீதியைப் பின்னால் மற்றவர்கள் சொல்லிக் கேட்டேன். கழிப்பறை இருப்பது மூன்றாவது கம்பத்துக்கு நேர் பின்னால். எல்சி உள்ளே போக, நெவில் வெளியே நின்றார். வேண்டுமென்று அங்கே நிற்கவில்லை, நிற்க வேறு இடமில்லை. ரஸ்ஸல் எதிர் வண்டிக்காரனிடம் கெல்ட்பெக் கோலை வாங்கப் போயிருந்தான். மிக் எஞ்சினிலிருந்து குனிந்து, எப்போதும்போலக் கம்பத்தடியில் நின்ற கையில் ஸ்டென்பி கோலை வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். நெவிலின் கையும் எப்போதும்போல வாங்கிக்கொண்டது. அதே நேரம் எல்சி ஷூ கயிறு அவிழ்ந்து ஓடி வந்தாள். குனிந்து முடிச்சுப் போட இரண்டு கையும் வேண்டுமே, கோலை மழைக்கோட்டின் உள்பையில் சொருகிக்கொண்டார். அதற்குள் விசில். ரஸ்ஸல் வந்து எங்கள் ஓட்டுநரிடம் கெல்ட்பெக் கோலைக் கொடுத்து, உன்னோடது எங்கே என்று கேட்டான். குடுத்தாச்சு என்றான் மிக். நடைமேடை ஆள் யாரோ வாங்கிக் கேபினில் மாட்டியிருப்பார் என்று பல் வைத்தியன் நினைத்துக்கொண்டான்.

தாத்தாவும் பேத்தியும் மூச்சு வாங்க வந்து ஏறினார்கள். வண்டி புறப்பட்டது.

அதற்கப்புறம் நடந்ததுதான் அதிசயம். நெவில் உட்கார்ந்தார். நுனியில் இல்லை, சாய்ந்து உட்கார்ந்தார். முழங்கால் நின்றது. ஜன்னலுக்கு வெளியே ஆற்றைப் பார்த்தார், மேட்டில் மேயும் ஆடுகளைப் பார்த்து, "சின்னதுகளெல்லாம் நல்லா வளந்துருச்சு" என்றார். கேக்கைக் கேட்டு வாங்கித் தின்றார். புகையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அத்தை தன் கையை எடுத்து அவர் கைமேல் வைத்தார். அவர் அதை உதறவில்லை.

"பாத்தியா," என்றார் அத்தை, குரலைத் தணித்து. "ஒண்ணும் இடிஞ்சு விழல."

"நல்லாத்தான் இருக்கு" என்றார் நெவில்.

ஹெதர் என் விலாவில் இடித்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. நானும் மனம் இளகிப்போனேன், ஒப்புக்கொள்கிறேன். திங்கட்கிழமை வேன் எங்கே வாடகைக்குப் பிடிக்கலாம் என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். அத்தையோ எழுபது வயதில் சின்னப் பெண் மாதிரி, தலையை அவர் தோளில் சாய்க்கலாமா வேண்டாமா என்று தயங்கி, கடைசியில் சாய்த்துவிட்டார்.

கெல்ட்பெக்கில் இறங்கினோம். மழை விட்டிருந்தது. நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரில் என்ற அம்மாள் எஞ்சினை நோக்கி ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"மிக்! ஸ்டென்பி கோல் எங்கடா? ரஸ்ஸல் போன் மேல போன் போடுறான். ஹாக்தோர்ப்புல வண்டி நகர முடியாம நிக்குது, வண்டி நெறைய ஜனம். கேபினத் தலைகீழாப் பொரட்டிட்டானாம், கோலைக் காணோம்!"

"குடுத்தாச்சே" என்றான் மிக். "கம்பத்துக்கிட்ட. நெவில் கையில."

சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கே உறைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

என் மாமனாரின் கை மழைக்கோட்டுக்குள் போனது. போன கை அங்கேயே நின்றது. பிறகு கோலோடு வெளியே வந்தது. பித்தளைப் பட்டையில் ஸ்டென்பி என்ற எழுத்து பளபளத்தது. அப்படி ஒரு முகத்தை நான் அவரிடம் அதற்கு முன் பார்த்ததில்லை. யார் கை இது என்று கேட்பவர்போலத் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான்" என்றார். "மிக் மேல தப்பில்ல. அவன் நீட்டுன கையப் பாத்தான், குடுத்தான். நீட்டுனது நான்."

"சரி விடுங்க, தலையா போச்சு" என்றாள் பெரில். "ரோட்டு வழியா கொண்டு போனா முடிஞ்சுது. வேன் வாசல்ல நிக்குது. நெவில், உங்களுக்குத்தான் குறுக்கு வழி தெரியும், நீங்களே ஒரு எட்டு போய்க் குடுத்துட்டு வந்துடுறீங்களா?"

அந்த மனிதர் இரண்டு எட்டு எடுத்தும் வைத்துவிட்டார். எனக்கு நன்றாகத் தெரிந்தது, அவர் உடம்பு முழுக்க வேன் பக்கம் சாய்ந்தது. அவர் செய்த கோளாறு, அவர்தானே சரிசெய்ய வேண்டும்? யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

அத்தை அவரைத் தடுக்கவில்லை. நடைமேடை பெஞ்சில் கூடையை வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"அதான் அவ்வளவு நேரம் ஆடாம உக்காந்திருந்தியா" என்றார். கோபமே இல்லாத குரல். "பாக்கெட்டுல அது இருந்துச்சு. நான் என்னமோ என் கையின்னு நெனச்சேன்."

ஹெதர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எல்சிக்குக்கூட ஏதோ புரிந்து, என் விரலைப் பிடித்துக்கொண்டாள். நெவில் நின்ற இடத்திலேயே நின்றார். இல்லை என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கோல் இருந்ததே எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பாதி உண்மையும்கூட. அவர் சொல்லவில்லை.

கோலைப் பெரிலிடம் நீட்டினார்.

"யாரையாச்சும் அனுப்பு. பாலத்துக்கிட்ட ஆடு மறிச்சு நிக்கும், மெதுவாப் போகச் சொல்லு."

"நீங்க போகலையா?"

"இல்ல."

பெரில் ஓடினாள். வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. நெவில் வந்து பெஞ்சில், பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்தார். உடனே முழங்கால் துள்ள ஆரம்பித்துவிட்டது. பெஞ்சும் சேர்ந்து ஆடியது.

அத்தை கூடையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு அத்தை கேட்டார், "ஃபைலியில பாக்கெட்டுல எத வச்சுக்கிட்டு உக்காருவ?"

"எதுவும் இருக்காது."

"அப்ப?"

"ஓடிப் போயிரலாம்னுதான் இருக்கும். தெனமும் இருக்கும். நல்லா இருப்பேன்னு உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன் தெல்மா." அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆனா இங்க நான் இருக்கக் கூடாது. இது என்னக் கேக்காமலே நீளுது. இன்னிக்கு ஒரு வண்டி நின்னுச்சு, அதோட போச்சு. அங்க வந்து கஷ்டப்படுறேன். நீ பக்கத்துல இருந்து பாத்துக்க, அவ்வளவுதான்."

நாற்பது வருஷத்துக்கு மேல் அத்தை எத்தனையோ வாக்குறுதி கேட்டிருப்பார். வந்துட்டேன், அஞ்சு நிமிஷம், இதோ இந்த வண்டி போகட்டும் என்றெல்லாம். கஷ்டப்படுவேன் என்று அந்த மனிதர் சொல்லி அவர் கேட்டது அன்றுதான் முதல் தடவை. அத்தை அழுதார். கைக்குட்டை தேடி, கிடைக்காமல், கேக் சுற்றி வந்த துணியால் மூக்கைச் சிந்தினார்.

"ஹெதர், அந்த வீட்டுக்காரம்மாவுக்குப் போன் போடு."

"நாளைக்குத்தானேம்மா கேட்டாங்க?"

"நாளைக்குள்ள இவருக்கு முழங்கால் சரியாயிரும். இப்பவே போடு."

ஹெதர் நிலையத்துத் தொலைபேசிக்குப் போனவள் வாசலில் நின்று திரும்பினாள். "ஒருத்தருன்னு சொல்லவா, ரெண்டு பேருன்னா?"

அத்தை புருஷனைப் பார்த்தார். அவர் மலைப்பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் திறந்தால் என்ன வரும் என்று எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

"ரெண்டு பேரு" என்றார் நெவில், தலையைத் திருப்பாமல். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "வேன் இந்நேரம் பாலத்தத் தாண்டியிருக்கும்."

"தாண்டட்டும்" என்றார் அத்தை.